ஆம்ட்ராக் ஸ்லீப்பரில் சொந்தச் சரக்கு: எங்கே குடிக்கலாம், எவ்வளவு எடுத்துப் போகலாம்?

#1 ஊர்சுத்தி_மணி

வணக்கம் மக்களே. அமெரிக்க ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கோட கலிபோர்னியா ஜெஃபிர் வண்டியில், சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் எமரிவில் வரை, இரண்டு பேருக்கு ஒரு ரூமெட் (ஸ்லீப்பர் பெட்டியில் கதவு மூடிக்கொள்ளும் சின்னத் தனியறை) போட்டாச்சு. சொந்தமா சரக்கு எடுத்துப் போகலாம்னு ஒருத்தர் சொல்றார், பையைத் திறந்து பார்த்துப் பிடுங்கிடுவாங்கன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இப்போதைய திட்டம்: 1.75 லிட்டர் விஸ்கி ஒண்ணு, பீர் 24 கேன், 2 லிட்டர் சோடா பாட்டில் ரெண்டு. கூடவே ஒரு சிக்கல். மச்சான் அதே வண்டியில் கோச்சில் (உட்கார்ந்து போகும் சாதாரண வகுப்பு) வர்றான். அவனை ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா?

#2 தண்டவாளம்77

எடுத்துப் போகலாம். அதில் சந்தேகமே வேண்டாம். எங்கே திறக்கிறீங்க என்பதுதான் விஷயம்.

ஆம்ட்ராக் விதி சுருக்கமா இதுதான்: வெளியிலிருந்து கொண்டுவந்த மதுவை, நீங்கள் டிக்கெட் வாங்கிய ஸ்லீப்பர் அறைக்குள் மட்டுமே குடிக்கலாம். கோச் சீட், பிசினஸ் கிளாஸ், டைனிங் கார், கண்ணாடிக் கூரை வைத்த சைட்ஸீயர் லவுஞ்ச், நடைபாதை, ஸ்டேஷன் எங்கேயும் கூடாது. வயது 21 ஆகியிருக்கணும், அடையாள அட்டை கையில் இருக்கணும்.

இதிலிருந்தே இன்னொன்று தெரியும். ஸ்லீப்பர் பெட்டியே இல்லாத வண்டியில் (அசெலா, பசிபிக் சர்ஃப்லைனர் மாதிரி) சொந்தச் சரக்கைத் திறக்க இடமே கிடையாது. சீல் உடையாமல் பையில் கிடக்கலாம், அவ்வளவுதான். சிகாகோ மெட்ரா போன்ற புறநகர் வண்டிகளின் விதி தனி. அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீங்க.

மச்சான் கதை: கோச் டிக்கெட்காரர் ஸ்லீப்பர் பெட்டிக்குள் வரக்கூடாது. நீங்கள்தான் லவுஞ்சுக்குப் போகணும். அங்கே கீழ்த்தளத்தில் இருக்கும் கஃபேயில் வாங்கி மூணு பேரும் உட்கார்ந்து குடிக்கலாம். ரூமிலிருந்து கிளாஸை எடுத்துக்கொண்டு போகக்கூடாது.

#3 விண்டோசீட்

இதுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்கணுமா தல? மச்சான்கிட்ட ஒரு ஸ்டீல் பாட்டில்ல கோக்கோட கலந்து கொடுத்துடுங்க. கோச்சில் யாருக்குத் தெரியப் போகுது?

#4 தண்டவாளம்77

வாசனை பக்கத்து சீட்டுக்குத் தெரியும். முதல் புகார் அங்கிருந்துதான் போகும், கண்டக்டரிடமிருந்து அல்ல. கண்டக்டர் முதலில் எச்சரிப்பார், இல்லையென்றால் பாட்டிலை உள்ளே வைக்கச் சொல்வார். வாக்குவாதம் செய்தால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட அவருக்கு அதிகாரம் உண்டு, பிளாட்பாரத்தில் போலீஸ் நிற்கும்.

"அடுத்த ஸ்டேஷன்" எதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஜெஃபிர் நெவாடாவுக்குள் நுழையும்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். எல்கோவில் விடியற்காலை மூணு மணி வாக்கில், வின்னமக்காவில் அதற்கும் சில மணி நேரம் கழித்து. அதே திசையில் அடுத்த ஆம்ட்ராக் வண்டி வர 24 மணி நேரம் ஆகும். பாலைவனத்துக் குளிரில் பெட்டியோடு நிற்பதற்கு இரண்டு பெக் தகுமா?

#5 சட்டப்புள்ளி

விதி ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பொதுப் பெட்டியில் யார் எவ்வளவு குடித்தார் என்று பார்த்து "இனி இல்லை" என்று சொல்லும் பொறுப்பு கஃபே ஊழியருடையது. வெளிச்சரக்கு அங்கே வந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். விற்பனையும் போகும், அதையும் மறைப்பானேன். மூடிய அறை மட்டும் ஓட்டல் அறை மாதிரி.

ரயிலும் மதுவும் அமெரிக்காவில் பழைய சண்டை. 1972 ஜூலையில் கான்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் வெர்ன் மில்லர், தன் மாநிலத்தைக் கடந்துபோன ஆம்ட்ராக் வண்டியில் சோதனை நடத்தி மது விற்ற ஊழியர்களைக் கைது செய்ய வைத்தார். அப்போது அங்கே கிளாஸ் கணக்கில் மது விற்பது சட்டவிரோதம். ஆம்ட்ராக் வழக்குப் போட்டது. 1973இல் கூட்டாட்சி நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வானத்தில் பறக்கும் விமானங்கள்கூட கான்சாஸ் மேலே மது பரிமாறக் கூடாது என்றவர் அந்த மில்லர். இன்று நிலைமை வேறு. ஆனால் ஓடும் வண்டி மாநிலச் சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். கையில் திறந்த கேனோடு பிளாட்பாரத்தில் இறங்கினால் அந்த ஊர் விதிதான் பேசும்.

#6 குளிர்பெட்டி

24 கேனைப் பார்த்துத்தான் வந்தேன். அதை எப்படிக் குளிர வைப்பீங்க? ரூமில் ஃபிரிட்ஜ் இல்லை.

கணக்கு இதோ. 355 மில்லி கேன் ஒன்றை 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 30 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கணும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 334 ஜூல் இழுக்கும். ஆக, கேனுக்கு 90 கிராம் பனி, ஓட்டை ஒழுகல் சேர்த்து 100 கிராம்னு வைங்க. 24 கேனுக்கு 2.4 கிலோ குளிர்விக்க மட்டுமே. பயணம் முழுக்க, 52 மணி நேரம் குளிர்ச்சியைக் காப்பாற்ற அதற்கு மேல் இன்னொரு மடங்கு. அவ்வளவும் வைக்க ரூமெட்டில் இடம் கிடையாது.

செய்ய வேண்டியது இது: 500 மில்லி தண்ணீர் பாட்டில் நாலை முந்தின நாளே ஃபிரீசரில் கல்லாக்கிடுங்க. கழுத்து வரை நிரப்பாமல் மேலே மூணு விரல் விடணும், உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். 12 கேன் கொள்ளும் துணிக் கூலரில் அடியில் ரெண்டு, மேலே ரெண்டு, நடுவில் 6 கேன். மேல் பாட்டில்தான் முக்கியம், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கேன்களை வீட்டிலேயே குளிரவைத்து உள்ளே வைத்தால் பனி முழுவதும் காவலுக்கு மட்டுமே செலவாகும், இரண்டாம் நாள் சாயங்காலம் வரை தாங்கும். உருகினதும் அதே தண்ணீரைக் குடிக்கலாம். கூலரில் ஒரு சொட்டு கசியாது. கடைப் பனிக்கட்டிப் பையை வாங்கினால் உருகிய தண்ணீர் தையல் வழியே இறங்கி கார்ப்பெட்டை நனைக்கும், அடுத்த நாள் நாறும்.

உலர்பனி (ட்ரை ஐஸ்) வேண்டவே வேண்டாம். மூடிய சின்ன அறையில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்தால் மூச்சு முட்டும்.

#7 ஊர்சுத்தி_மணி

பனி அட்டெண்டன்ட்கிட்ட கேட்டால் தர மாட்டாரா? ரூம்ல சிங்க் இருக்குமே, கிளாஸ் கழுவிக்கலாம்னு நினைச்சேன்.

#8 தண்டவாளம்77

சிங்க் இருக்காது. ஜெஃபிரில் ஓடுவது இரட்டைத்தள சூப்பர்லைனர். அதன் ரூமெட்டில் சிங்க்கும் இல்லை, டாய்லெட்டும் இல்லை. பெட்ரூம் வகுப்பில்தான் சிங்க், டாய்லெட், ஷவர் மூணும். கிழக்குப் பக்கம் ஓடும் வியூலைனர் பெட்டிகளில் பழைய வகை ரூமெட்டில் டாய்லெட்டும் சிங்க்கும் உண்டு, புதிய வகையில் சிங்க் மட்டும். வண்டிக்கு வண்டி மாறும், படத்தைப் பார்த்து ஏமாறாதீங்க.

சூப்பர்லைனர் ரூமெட் 3 அடி 6 அங்குலத்துக்கு 6 அடி 6 அங்குலம். எதிரெதிரே ரெண்டு சீட், நடுவே சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் ஒரு சின்ன மேசை, துணி மாட்ட ஒரு சந்து, ஒரு பிளக் பாயின்ட். மேலே சாமான் வைக்கத் தட்டு கிடையாது. பெரிய பெட்டி கீழ்த்தளத்தில் வாசலருகே உள்ள பொது ரேக்கில். அதற்குப் பூட்டு இல்லை, கண்ணாடி பாட்டிலை அங்கே விடாதீங்க. கூலர் காலடியில்தான் வரும். படுக்கை போட்டதும் மேசை மறைந்துவிடும், அதற்குப் பிறகு கிளாஸ் வைக்க இடமே இல்லை. அட்டெண்டன்ட் படுக்கை போட வரும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. இரவு 10 முதல் காலை 7 வரை சத்தம் போடக்கூடாத நேரம், பக்கத்து அறைச்சுவர் மெலிசு.

பனி: கேட்டால் பெரும்பாலும் ஒரு கப் அல்லது சின்ன பை தருவார். அது கிளாசுக்குப் போதும், கூலருக்குப் போதாது. காபி வைக்கும் இடம் மேல்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில், தண்ணீரும் அங்கேதான். அவர் ஒரு பெட்டி முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். டிப்ஸ் கொடுங்க, சரக்கு நீட்டாதீங்க. பணியில் இருப்பவர் தொடமாட்டார், தர்மசங்கடம்தான் மிச்சம்.

கதவு பற்றி ஒன்று. உள்ளே தாழ்ப்பாள் உண்டு, வெளியிலிருந்து பூட்ட முடியாது. சாப்பிடப் போகும்போது பாட்டிலை மேசையில் நிறுத்திவிட்டுப் போகாமல் பைக்குள் வைத்து, திரையை இழுத்துவிடுங்க. குடிக்கும்போதும் கதவும் திரையும் மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் நடைபாதையில் போகிறவர் கண்ணில் அது பார்ட்டி. நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், ஒருவர் புகார் சொல்வார்.

#9 மலையேறி

சோடா பாட்டில் விஷயத்துக்கு வர்றேன்.

சிகாகோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 அடி. டென்வர் 5,280 அடி. அங்கிருந்து காலையில் கிளம்பி மலை ஏறி, மலையைக் குடைந்து போட்ட மொஃபாட் ரயில் குகைக்குள் போகும்போது 9,239 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். விமானம் மாதிரி அழுத்தம் கட்டிய பெட்டி இல்லை இது, வெளியே என்ன அழுத்தமோ உள்ளேயும் அதுதான். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சீல் உடைக்காத கேன் வெடிக்காது, அதன் உள்ளழுத்தத்துக்கு இது சொற்பம். பிரச்சினை மூணு இடத்தில். ஒன்று, வெதுவெதுப்பான பீரை அந்த உயரத்தில் திறந்தால் பாதி நுரையாகச் சட்டையில். குளிர்ந்திருந்தால் வாயு திரவத்திலேயே தங்கும். கேனைச் சாய்த்து, மேலே இருக்கும் வளையத்தை அரைகுறையாகத் தூக்கி, உஸ்ஸ் சத்தம் அடங்கின பிறகு முழுக்கத் திறக்கணும். ரெண்டாவது, பாதி காலியான 2 லிட்டர் சோடா. ராத்திரி சமவெளியில் மூடி வைத்ததைக் காலையில் மலைமேல் திறந்தால் பீறிடும், மிச்சம் சப்பென்று ஆகிவிடும். மூணாவது, திருகுமூடி போட்ட தட்டைக் குப்பி. பாதி சரக்கு பாதி காற்று இருந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி வழியே கசிய வைக்கும். படுக்க வைக்காதீங்க, நிமிர்த்தி வைங்க.

இன்னொன்று. மொஃபாட் குகை 6.2 மைல். கடக்கும் பத்து நிமிஷமும் பெட்டிகளுக்கு இடையே நடக்காதீங்கன்னு அறிவிப்பு வரும். கதவு திறந்தால் டீசல் புகை உள்ளே வரும். அந்த நேரத்தில் கிளாசோ பனியோ தேடி எழுந்திருக்க வேண்டாம்.

மேலே ஏறும்போது தலைவலி வந்தால் எது உயரத்தின் வேலை, எது ராத்திரி விஸ்கியின் வேலைன்னு பிரிக்க முடியாது. தண்ணீர் கூடுதலாகக் குடிங்க.

#10 புதுப்பயணி

கொஞ்சம் தடம் மாறிக் கேட்கிறேன், மன்னிக்கணும். நம்ம ஊர் ஃபர்ஸ்ட் ஏசி கூபேயிலும் கதவு மூடிக்கிட்டா இதே கணக்குதானே? மூடிய அறைதானே அதுவும்?

#11 சட்டப்புள்ளி

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள்.

இந்திய ரயில்வே சட்டம் 1989, பிரிவு 145. ரயில் பெட்டியிலோ ரயில்வே இடத்திலோ போதையில் இருப்பதே குற்றம். கூபே, ஸ்லீப்பர், பொதுப்பெட்டி என்ற பேதம் அதில் இல்லை. ரயில்வே ஊழியர் இறக்கிவிடலாம், டிக்கெட் பறிபோகும், 6 மாதம் வரை சிறையும் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தகுந்த காரணம் இல்லாவிட்டால் முதல் தடவை குறைந்தது 100 ரூபாய் அபராதம், மறுதடவை குறைந்தது ஒரு மாதச் சிறையும் 250 ரூபாயும். தொகை சின்னது, வழக்கு என்பது சின்னதல்ல.

சீல் உடைக்காத பாட்டில் வேறு தலைவலி. அதை ரயில்வே சட்டத்தை விட மாநில மதுவிலக்கு, ஆயத்தீர்வைச் சட்டங்கள்தான் பிடிக்கும். எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சென்னையிலிருந்து சாப்ரா போகும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் பீகாருக்குள் நுழைகிறது. அங்கே 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. அகமதாபாத் போகும் நவஜீவன் குஜராத்துக்குள் நுழைகிறது. அங்கே 1960இல் மாநிலம் பிறந்ததிலிருந்தே மதுவிலக்கு. ஏறின ஊரில் பில்லோடு வாங்கினேன் என்பது இறங்கின ஊரில் செல்லாது. தில்லி மெட்ரோவில் 2023 ஜூனிலிருந்து ஆளுக்கு இரண்டு சீல் பாட்டில் வரை எடுத்துப் போகலாம் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, நெடுந்தூர வண்டிக்கும் அதுதான் என்று சிலர் நம்புகிறார்கள். அது அந்த மெட்ரோவுக்கு மட்டும். அங்கேயும் குடிக்க அனுமதி இல்லை.

#12 நெறியாளர்

இந்திய ரயில் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்க. இங்கே ஜெஃபிர்.

#13 விண்டோசீட்

சரி, ஒத்துக்கிறேன், ஸ்டீல் பாட்டில் யோசனை வாபஸ். ஆனா இவ்வளவு சுமக்கணுமா? டென்வர்ல முக்கால் மணி நேரம் நிக்குதே, அங்கே வாங்கிக்கலாமே?

#14 மலையேறி

மேற்கே போகும் வண்டி டென்வருக்குக் காலை ஏழேகால் வாக்கில் வரும், எட்டு மணியை ஒட்டிக் கிளம்பும். கொலராடோவில் கடைச் சரக்கு விற்பனையே காலை 8 மணிக்குத்தான் தொடக்கம். கடை திறக்கும்போது வண்டி நகர்ந்துகொண்டிருக்கும். சால்ட் லேக் சிட்டி ராத்திரி 11 மணிக்கு. யூட்டாவில் ஒயினும் ஸ்பிரிட்டும் அரசுக் கடையில் மட்டும், நம்ம டாஸ்மாக் மாதிரியே. அது அதற்கு முன்பே சாத்திவிடும், ஞாயிறு லீவு. ரீனோ மூணாம் நாள் காலை, அப்புறம் இறங்கப் போறீங்க. வேண்டியதை சிகாகோவில் முந்தின நாளே வாங்கிடுங்க.

#15 தண்டவாளம்77

அளவைப் பேசுவோம். 1.75 லிட்டர் எதற்கு? ஜெஃபிரில் ஸ்லீப்பர் பயணிக்கு டைனிங் காரில் டின்னரோடு ஒரு டிரிங்க் இலவசம். இரண்டு பேர், இரண்டு ராத்திரி, நாலு டிரிங்க் வந்தாச்சு. ஆளுக்கு ராத்திரிக்கு மூணு என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 12, கழித்தால் 8. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 40 சதவீத ஸ்பிரிட் 44 மில்லி. எட்டுக்கு 352. ஒரு 375 மில்லி, அதாவது நம்ம 'ஆஃப்', போதும். ஒயின் பிரியர் என்றால் 750 மில்லியில் 150 மில்லி வீதம் அஞ்சு கிளாஸ், மிச்சத்துக்கு மூணு பீர்.

சொந்த ஒயினைச் சாப்பாட்டோடு குடிக்க ஆசையா? டைனிங் காருக்குக் கொண்டுபோகாதீங்க. சாப்பாட்டை ரூமுக்குக் கொண்டுவரச் சொல்லலாம், அட்டெண்டன்ட் எடுத்து வருவார். திருகுமூடி பாட்டிலாகப் பாருங்க. கார்க் என்றாலும் பயமில்லை, கார்க் திறப்பானைக் கைப்பையில் வைக்க ஆம்ட்ராக் அனுமதிக்கிறது.

கிளாஸ்: உயரமான சில்வர் டம்ளர் முதல் வளைவிலேயே சாயும். அடி அகலமான குட்டைக் கிளாஸ், மூடி இருந்தால் உத்தமம், மூணில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீங்க. மேல்தள அறை கீழ்த்தளத்தை விட அதிகமாக ஆடும்.

#16 ஊர்சுத்தி_மணி

எல்லாருக்கும் நன்றி. திருத்தின பட்டியல்: விஸ்கி 375 மில்லி ஒண்ணு, குளிரவைத்த பீர் 6 கேன், உறைஞ்ச தண்ணீர் பாட்டில் 4, துணிக் கூலர், மூடி வைத்த குட்டை கிளாஸ் 2, முறுக்கு, சோடா 2 லிட்டர் 1. மச்சானுக்கு லவுஞ்ச்ல கஃபே பீர்.

#17 மலையேறி

அந்த 2 லிட்டரை வெட்டுங்க. 222 மில்லி குட்டி கேன் சோடா நாலு. ஒரு தடவைக்கு ஒண்ணு, திறந்ததைத் தீர்த்துடலாம், குகை வரும்போது பாதி பாட்டில் எதுவும் மிஞ்சாது. முறுக்கை டப்பாவில் எடுத்துப் போங்க. சீல் போட்ட பாக்கெட் உப்பி, மேல் படுக்கையில் வைத்தால் உருண்டு தலையில் விழும்.